பதினாலு வீட்டு மோட்டார்

ஊரடங்கு தொடங்கி ஒரு மாதம் தாண்டிய ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் தெருவில் தண்ணீர் நின்றுபோனது.

சிதம்பரத்துக்கு வெளியே, வயலை மனை போட்டு விற்ற இடத்தில் இருக்கிறது எங்கள் தெரு. நகராட்சிக் குழாய் இன்னும் அந்தப் பக்கம் வந்து சேரவில்லை. தெருக்கோடியில் ஒரு போர்வெல். அதன் பக்கத்தில் தூண்கள் மேல் இரண்டு கறுப்பு டேங்க். அங்கிருந்து பதினாலு வீட்டுக்கும் குழாய். காலையும் மாலையும் மோட்டார் போடுவது எதிர்வீட்டு சாரின் பொறுப்பு. அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெரு வாட்ஸப் குரூப்புக்கும் அவர்தான் அட்மின்.

அன்று அவர் பட்டனை அழுத்தியபோது பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்ததாம். மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு குரூப்பில் போட்டார்: "மோட்டார் வேலை செய்யவில்லை. தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்." அதைப் படித்தபோது நான் குழாயைத் திறந்து வைத்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

மோட்டார் ரிப்பேர் என்றால் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். லால்பேட்டையிலிருந்து பைக்கில் வருகிற மெக்கானிக் பாய். அந்த போரில் மோட்டாரை இறக்கியவரே அவர்தான். வசதிக்காக அவரையும் குரூப்பில் சேர்த்திருந்தோம். இப்போது அவர் குரூப்பில் இல்லை. ஏன் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஊரடங்கின் ஆரம்ப நாட்களில் சார் ஒரு செய்தியை அனுப்பியிருந்தார். நோயைப் பரப்புகிறவர்கள் இன்ன மதத்தார்தான், அவர்களைத் தெருவுக்குள் விடாதீர்கள் என்று எவனோ எழுதி ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த செய்தி. அதற்கு இரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில், பாய் குழுவிலிருந்து வெளியேறினார் என்று ஒரு வரி வந்தது. நான் அதைப் பார்த்தேன். "சார், பாயும் இந்த குரூப்பில்தானே இருந்தார்" என்று எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டேன். அந்த ஒரு வரியை அழித்த விரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

சனிக்கிழமை முழுக்க ஆளாளுக்கு போன் போட்டார்கள். ஒரு மெக்கானிக்கின் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். புவனகிரியிலிருந்து ஒருவர் கிளம்பி வந்து, வெள்ளாற்றுப் பாலத்திலேயே போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். தண்ணீர் லாரிக்காரர் ஆஸ்பத்திரிகளுக்கு அடித்து முடித்துத்தான் வர முடியும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி வீட்டுக் கைப்பம்புதான் எங்களைக் காப்பாற்றியது. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துச் சம்சாரிகள் அவர்கள். பிள்ளைகள் படிப்புக்காக இங்கே வீடு கட்டி வந்தவர்கள். வாரத்தில் பாதி நாள் நிலத்தில் இருப்பார்கள், ஊரடங்கு வந்ததும் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அந்த வீட்டு அக்கா வாசலில் சுண்ணாம்பால் கட்டம் போட்டு ஆளுக்கு மூன்று குடம் என்று விட்டார். தண்ணீர் உப்பு. ஆனாலும் நான் அந்த வரிசையில் நின்றபோது ஒரு விஷயம் உறைத்தது. ஆறு வருஷமாக இந்தத் தெருவில் இருக்கிறேன், அங்கே நின்றவர்களில் பாதிப் பேரை அன்றைக்குத்தான் நேராகப் பார்க்கிறேன், அதுவும் மாஸ்க்குக்கு மேலே கண்ணை மட்டும்.

வீட்டில் நானும் காலேஜில் படிக்கும் மகளும்தான். வீட்டுக்காரர் கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். நோய் எங்களுக்கு ஒட்டிவிடக் கூடாது என்று ஒரு மாதத்துக்கு மேலாக அங்கேயே மஞ்சக்குப்பத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். அன்று சாயங்காலம் போனில் தண்ணீர்க் கதையைச் சொன்னபோது, "அந்த பாயிக்கே போன் பண்ணிப் பாரேன்" என்றார் சாதாரணமாக. குரூப்பில் நடந்தது அவருக்குத் தெரியாது.

நான் மொட்டை மாடிக்குப் போய் பாயின் நம்பரை அழுத்தினேன். முதலில் கொரோனா அறிவிப்பின் அந்த இருமல் சத்தம். அப்புறம் அந்த அம்மாவின் குரல், சோப்பு போட்டு அடிக்கடி கையைக் கழுவச் சொன்னது. தண்ணீருக்கு எங்கே போவது என்று நினைப்பதற்குள் பாய் எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க டீச்சர்."

"பாய்... மொதல்ல ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு குரூப்புல வந்தது... நான் பாத்துட்டு சும்மா இருந்துட்டேன். தப்பு பாய்."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் உருட்டுவது கேட்டது.

"அத அப்புறம் பேசலாம் டீச்சர். எத்தினி நாளா தண்ணி இல்ல?"

"ரெண்டு நாளு."

"ரெண்டு நாளா? சின்னப் புள்ளைங்க இருக்கிற தெருவாச்சே! எங்க ரோட்டுல தடுப்பு போட்டிருக்காங்க, வண்டிய எடுக்க முடியாது. நீங்க என்ன பாடம் எடுக்கிறீங்க?"

"ஃபிசிக்ஸ். பிளஸ் டூவுக்கு."

"அப்ப மீட்டர் புடிக்கத் தெரியுமில்ல?"

எனக்குள் என்னவோ எழுந்து நின்றது. இருபது வருஷமாக மின்னோட்டம் நடத்துகிறேன். மின்தடையைத் தொடராக இணைத்தால் என்ன, பக்கமாக இணைத்தால் என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு மோட்டார் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை. செய்முறைத் தேர்வுக்காக நானே வாங்கிய மல்டிமீட்டர் அலமாரியில் இருந்தது. "தெரியும் பாய்" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

அப்போதே இறங்கிப் போனேன். மகள் வீடியோ காலில் போனைப் பிடித்துக்கொண்டாள். மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கி என் சுடிதார் பையிலேயே போட்டுக்கொண்டேன். பாய் சொல்லச் சொல்லப் பெட்டியிலிருந்து மூன்று ஒயரையும் கழற்றினேன். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையே வைத்தபோது மீட்டர் முள் நகர்ந்தது. சிவப்பை எதோடு வைத்தாலும் அசையவில்லை.

"சிவப்பு எங்கியோ அறுந்திருக்கு பாய்!" என்று கத்திவிட்டேன். முதல் வரிசைப் பிள்ளை விடை கண்டுபிடித்த மாதிரி.

"சரியா சொன்னீங்க. ஒயர்லியா, மோட்டாருக்கு உள்ளாறயான்னு மேல வந்தாத்தான் தெரியும். மோட்டார் நூத்தியெம்பது அடியில தொங்குது. ஹோஸ் பைப்பு போட்டதால கையாலயே இழுக்கலாம். பத்துப் பேரு வேணும். வருவாங்களா?"

குரூப்பில் எழுதினேன்: "நாளை காலை பத்து மணிக்கு மோட்டாரை மேலே எடுக்கிறோம். வீட்டுக்கு ஒருவர் வரவும். பாய் வீடியோவில் சொல்லித் தருவார்." இந்த முறை அழிக்கவில்லை. எல்லாரும் படித்துவிட்டதாகக் காட்டியது. கால் மணி கழித்துக் கடைசி வீட்டு மாமா எழுதினார்: "நான் வரேன். டேப்பு, கயிறு எங்கிட்ட இருக்கு." அதன் பிறகு மடமடவென்று வந்தது. நான், நானும், எங்க வீட்ல ரெண்டு பேர். சாரிடமிருந்து மட்டும் ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் போனபோது சார் முதல் ஆளாக அங்கே நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மாஸ்க், கையில் அவருடைய புது போன், பையில் பவர் பேங்க். "என் போன்லதாம்மா கேமரா தெளிவா இருக்கும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். நான் நம்பரைச் சொன்னேன். அவரே அழைத்தார். திரையில் பாய் வந்தார். தொப்பியும் முகமுமாக. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார், நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் பாய்," என்றார் சார்.

ரம்ஜான் மாதம். பாய் நோன்பிருந்தார். நாங்கள் காபி, மோர் என்று குடித்தபடி நிற்க, அவர் ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் அன்று மாலை வரை எங்களுக்காகப் பேசிக்கொண்டே இருந்தார். கடைசி வீட்டு அக்கா அதைக் கவனித்து, மோர்ச் சொம்பை போனுக்குப் பின்பக்கம் மறைத்து வைத்தார்.

பதினெட்டுப் பேர் வந்திருந்தோம். அதில் ஏழு பேர் பெண்கள். பாய் முதலில் சொன்னது கயிற்றைப் பற்றி. "மோட்டார்ல ஒரு நைலான் கயிறு கட்டியிருக்கேன். அத இரும்புத் தூண்ல ரெண்டு சுத்து சுத்தி ஒருத்தர் புடிச்சுக்கணும். மத்தவங்க இழுக்க இழுக்க அவரு கயித்த உள்ள வாங்கணும். கை வழுக்கி ஹோஸ் போனாலும் கயிறு தாங்கும். கயிறும் போச்சுன்னா போரே போச்சு." அந்த வேலையை மாமா எடுத்துக்கொண்டார். போர் வாயில் ஹோஸ் அறுபடாமல் இருக்க ஒரு பழைய பைக் டயரைச் செருகினோம். ஹோஸைப் பிடித்திருந்த கிளாம்பைத் தளர்த்தியதும் பாரம் கையில் இறங்கியது. அம்மாடி! பூமிக்குள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது.

"இழுங்க!" என்றார் மாமா.

ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தோம். பத்தடி வந்தது. இருபதடி வந்தது. அந்த வருஷம் தேரோட்டம் கிடையாது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ, "இந்த வருசம் இதாண்டா நம்ம தேரு!" என்று கத்த, எல்லாரும் சிரித்துவிட்டோம். சிரித்ததில் பிடி தளர்ந்து இரண்டடி உள்ளே போய்விட்டது. மாமா கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திட்டினார் பாருங்கள், அதை இங்கே எழுத முடியாது.

ஹோஸ் முனையிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்ததும் ஓடிப்போய்க் குடம் கொண்டுவந்து வைத்தார்கள். நான் ஐந்தாவது ஆளாக இழுத்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை எரிந்தது. கழுத்தெல்லாம் வேர்வை. மாஸ்க் வாய்க்குள் போய் ஒட்டியது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு பாரத்தை இழுத்ததில்லை.

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. மகள் எடுத்து என் காதில் வைத்தாள். வீட்டுக்காரர்.

"எங்க இருக்கே?"

"மோட்டார் இழுத்துக்கிட்டு இருக்கேன்!"

"என்னது?"

"அப்புறம் பேசறேன், விட்டா உள்ள போயிடும்!"

மகள் போனை அணைப்பதற்குள் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த மாதம் முழுக்க அவர் குரலில் களைப்பைத் தவிர எதையும் நான் கேட்டிருக்கவில்லை.

பாதிக்கு மேல் வந்ததும் ஹோஸ் நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. "எங்கியோ மாட்டிக்கிச்சு பாய்!" என்று சார் போனுக்குள் கத்தினார். சரியாக அந்த நேரம் பார்த்து போலீஸ் பைக் தெருவுக்குள் திரும்பியது.

"இன்னா கூட்டம் இது? தடை உத்தரவு இருக்கிறது தெரியாதா? கலைஞ்சு போங்க எல்லாரும்!"

யாரும் அசையவில்லை. அசைய முடியாது. இழுத்த எல்லார் தோளிலும் ஹோஸ்.

"சார், விட்டோம்னா மோட்டார் கெணத்துக்குள்ள போயிடும் சார்!" என்று நான் கத்தினேன். அது கிணறு இல்லை, போர். அவசரத்தில் வாயில் வந்தது அதுதான்.

அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். ஹோஸைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், போனில் தெரிந்த பாயையும் பார்த்தார். "ஆளுக்கு ஆறடி தள்ளி நில்லுங்க மொதல்ல" என்றார். ஹோஸைப் பிடித்தபடியே நகர்ந்து நகர்ந்து தெரு முழுக்க நீண்டோம். அதற்குப் பிறகு அவர் போர் வாயருகே குனிந்தார்.

"எத்தினி அடி?"

"நூத்தியெம்பது சார்."

"பாதியில நின்னுச்சா? போருக்குள்ள எறக்கியிருக்கிற கேசிங் பைப்போட ஜாயின்ட்டுல இடிக்குது. எங்க ஊட்டு நெலத்துலயும் இதே கதைதான். இழுத்தா வராது. கொஞ்சம் எறக்கி, திருப்பி, அப்புறம் தூக்கணும்."

"போலீஸ் சார் சொல்றது கரெக்ட்டு!" என்று போனிலிருந்து பாயின் குரல் வந்தது.

லத்தியைச் சுவர் ஓரம் சாய்த்துவிட்டு இரண்டு கையாலும் ஹோஸைப் பிடித்துத் திருகினார் போலீஸ்காரர். நாங்கள் ஒரு அடி விட்டோம், மறுபடி இழுத்தோம். வரவில்லை. இன்னொரு திருகு. 'கடக்' என்று ஒரு அதிர்வு கை வழியாக ஓடியது. பாரம் மேலே வந்துவிட்டது! தெருவில் விசில் பறந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "முடிச்சதும் வீட்டுக்குப் போயிடணும். நான் இங்க வரவே இல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மோட்டார் வெளியே வந்தபோது மணி இரண்டு. சேறு பூசிய இரும்பு உருளை, இடுப்பு உயரம் கூட இல்லை. பதினாலு வீட்டையும் இவ்வளவு நாள் குளிக்க வைத்தது இதுதானா என்று ஆளாளுக்கு வந்து பார்த்தார்கள். மகள் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். மோட்டாருக்குச் சற்று மேலே, ஒயரை ஒட்டுப் போட்டிருந்த இடத்தில், டேப் கறுத்து உருகியிருந்தது. பிரித்தேன். சிவப்பு ஒயர் அங்கேயே துண்டாகிப் போயிருந்தது.

இனி முக்கியமான கேள்வி. மோட்டார் பிழைத்திருக்கிறதா? மோட்டாரிலிருந்து வரும் ஒயர்களில் மீட்டரை வைத்தேன். மஞ்சளும் நீலமும் சரி. சிவப்பும் நீலமும் சரி. மூன்றாவது, அந்த இரண்டையும் கூட்டினால் வர வேண்டிய அளவு. வந்தது.

"பாய், மோட்டாருக்கு ஒண்ணும் ஆகல!"

"அல்ஹம்துலில்லாஹ்! இனிமே உங்க கையிலதான் இருக்கு டீச்சர். மூணு ஒட்டையும் ஒரே எடத்துல போட்றாதீங்க, படிப்படியா தள்ளிப் போடுங்க. ரப்பர் டேப்ப நல்லா இழுத்துச் சுத்துங்க. எவ்ளோ இழுக்கிறீங்களோ அவ்ளோ ஒட்டும்."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். சார் எனக்குப் பக்கத்தில் குந்தி, போனை ஒயருக்கு நேராகப் பிடித்தார். ஒரு கையில் போன், மறு கையில் எனக்குக் குடை. ஒவ்வொரு சுற்றையும் பாய் பார்த்தார். முதல் ஒட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. பிரிக்கச் சொன்னார். இரண்டாவது தடவையும் பிரிக்கச் சொன்னார். வகுப்பில் நான் நோட்டைத் திருப்பித் திருப்பிக் கொடுப்பேனே, அந்தப் பிள்ளைகள் எல்லாரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். மூன்றாவது தடவை, "இது என் கை வேலை மாதிரியே இருக்கு" என்றார். பரிசு வாங்கின மாதிரி இருந்தது எனக்கு. ஒட்டுகளை வாளித் தண்ணீரில் முக்கிவைத்து மீட்டரால் சோதித்தோம். கசிவில்லை.

இறக்குவதுதான் பயம் என்று மாமா சொன்னார். உண்மைதான். இழுக்கும்போது இருந்த சிரிப்பு யாரிடமும் இல்லை. அங்குலம் அங்குலமாக விட்டோம். கேசிங் ஜாயின்ட் வந்த இடத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்தோம், வழுக்கிக்கொண்டு போய்விட்டது. கிளாம்பை முறுக்கி, ஒயரைப் பெட்டியில் மாட்டி, பையிலிருந்த ஃபியூஸைச் செருகியபோது வெயில் இறங்கியிருந்தது.

"நீங்களே போடுங்க டீச்சர்," என்றார் பாய்.

அழுத்தினேன். 'டக்' என்றது. அடுத்த நொடி பூமிக்குள்ளிருந்து ஒரு முனகல், அப்புறம் குழாய்க்குள் காற்று சீறுகிற சத்தம். டேங்க்குக்குப் போகும் பைப்பில் மாமா காதை வைத்தார். "வருது... வருது... வந்துடுச்சு!" மேலே டேங்க்குக்குள் தண்ணீர் விழுகிற ஓசை கேட்டதும் தெருவே கத்தியது. யார் யாரைத் தொட்டோம், யார் ஆறடி தள்ளி நின்றோம் என்று எனக்கு நினைவில்லை. கடைசி வீட்டு அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் சார் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். நான் கேட்க வேண்டும் என்று நிற்கவில்லை, ஆனால் கேட்டது.

"பாய், நான் அன்னிக்கு அனுப்புனது... அனுப்பியிருக்கக் கூடாது. படிச்சவன் நான். மன்னிச்சுக்கங்க."

"சார், அத எங்க ஊட்லயும் படிச்சாங்க. என் பொண்ணு படிச்சா. நோன்பு தொறக்கிற நேரமாச்சு சார். நான் வெச்சிடறேன்."

சார் அணைந்த திரையைப் பார்த்தபடியே நின்றார்.

அன்று இரவு அவர் அந்தப் பழைய செய்தியைக் குறிப்பிட்டு, தான் அனுப்பியது தவறு என்று குரூப்பில் எழுதினார். பாயை மறுபடி சேர்த்தார். மறுநாள் பாய் வெளியேறிவிட்டார். நான் போன் பண்ணிக் கேட்டபோது கோபமில்லாமல்தான் சொன்னார். "குரூப்பு வேணாம் டீச்சர். வேலைன்னா கூப்புடுங்க, எந்த நேரமானாலும் வரேன்." இன்று வரைக்கும் அவர் குரூப்பில் இல்லை. எங்களால் சரிசெய்ய முடிந்தது ஒயரை மட்டும்தான் என்று சில சமயம் தோன்றும்.

தடுப்புகளை எடுத்த பிறகு, ஒரு நாள் காலை பைக் சத்தம் கேட்டது. பாய்! கூப்பிடாமலே வந்திருந்தார். பெட்டியைத் திறந்து கரன்ட் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தார். காதை வைத்து மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டார். தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குள் வீடுவீடாகச் செய்தி போய் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். சார் தன் வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நிழலில் போட்டார். பாய் ஒரு கணம் தயங்கிவிட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு போன்ல பாதிதான் தெரிஞ்சுது," என்றார். "அந்த போலீஸ்காரரு வந்தாரே, அப்ப இன்னா ஆச்சு? மொதல்லேந்து சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா கயிற்றைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். அக்கா அவரை நிறுத்தி, ஹோஸ் இரண்டடி உள்ளே போனதிலிருந்து தொடங்கினார். சார் குடை பிடித்ததை என் மகள் நடித்துக் காட்டினாள். பதினாலு வீட்டு ஆட்களும் ஒரே நேரத்தில் பேசினோம். பாய் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் முகம் முகமாகத் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.